18 ஹாட் டாக், 45 நிமிட நிறுத்தம்: கருகாமல் வெடிக்காமல் சுட என்ன வழி?

வழிநடை

வணக்கம். கோடை விடுமுறைக்கு இரண்டு வண்டிகளில் ஒன்பது பேர் கிளம்புகிறோம். நாலு நாள், தினம் ஒரு ஊர். மதியம் வழியில் ஒரே ஒரு நிறுத்தம். 45 நிமிடத்துக்குள் சுட்டு, சாப்பிட்டு, சாமானை ஏற்றிக் கிளம்பியாக வேண்டும். அதனால் மதியச் சாப்பாடு ஹாட் டாக், அதாவது பன்னுக்குள் சுட்ட சாசேஜ், என்று முடிவாகிவிட்டது. தலைக்கு இரண்டு, மொத்தம் 18.

கையில் இருப்பவை: மூடியோடு 35 செ.மீ. வட்டக் கரி கிரில், பெரிய ஐஸ் பெட்டி ஒன்று, இடுக்கி. தேவையென்றால் வேறு சாமான் வாங்கலாம், ஆனால் வண்டியில் இடம் குறைவு.

தெரிய வேண்டியவை: வெளியே கருகிய சாசேஜ் நடுவில் ஜில்லென்றே இருப்பது ஏன்? தோல் வெடித்துக் கொழுப்பு கொட்டித் தீ எழுவதைத் தடுக்க முடியுமா? பன் நமத்துப் போகாமல் இருக்க என்ன செய்வது? ஐஸ் பெட்டியில் நாலு நாள் தாங்குமா? கூட்டத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், சைவக்காரர்கள் இருவர். மேலே போடுவதற்குக் கடுகு சாஸ், கெட்சப், கொஞ்சம் வெங்காயம் போதும்.

தணல்

முதல்ல பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. ஹாட் டாக்னு விக்கிற சாசேஜ்ல பெரும்பாலானது ஏற்கெனவே வெந்தது. நீங்க செய்யப்போறது சமையல் இல்ல, சூடேத்திச் சிவக்க வைக்கிறது மட்டும்தான். "பச்சை", "சமைத்து உண்ணவும்"னு போட்டிருந்தா அது வேற கணக்கு: மாடு, பன்றி இறைச்சின்னா நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ், கோழின்னா 74. அவசரப் பயணத்துக்குப் பச்சை சாசேஜ் வேண்டாம்னுதான் சொல்வேன். ஒவ்வொண்ணும் 15, 20 நிமிஷம் இழுக்கும்.

வெளியே கருகி உள்ளே ஜில்லுன்னு இருக்கக் காரணம், ரெண்டு வேலையையும் ஒரே தீயில செய்யப் பாக்கிறது. சாசேஜ் குறுக்களவு ரெண்டரை செ.மீ. இருக்கும். ஐஸ் பெட்டியிலருந்து 4 டிகிரில வர்ற சாசேஜோட நடுவுக்குச் சூடு போய்ச் சேர ஏழெட்டு நிமிஷம் ஆகும். நேரடித் தணல் மேல தோல் மூணே நிமிஷத்துல கருப்பாயிடும். அதனால கிரில்லை ரெண்டாப் பிரிங்க. கரி முழுக்க ஒரு பக்கம், மறுபக்கம் காலி.

35 செ.மீ. கிரில்லுக்கு 20லருந்து 25 பிரிக்கெட் கரி (அச்சுல அழுத்தின கரிக்கட்டி) போதும். அதுக்கு மேல கொட்டினா சாசேஜுக்கு அடங்காத தீதான் கிடைக்கும். சிம்னி ஸ்டார்ட்டர், அதாவது கரி பத்தவைக்கிற தகரக் குழாய், ஒண்ணு வாங்கிடுங்க. அடியில கசக்கின காகிதம் ரெண்டு தாள், மேல கரி. 15லருந்து 20 நிமிஷத்துல மேல் வரிசைக் கரியும் சாம்பல் நிறத்துக்கு வந்திடும். கரியெல்லாம் நீறு பூத்த பிறகுதான் கொட்டணும். பாதி கருப்பா இருக்கும்போதே சாசேஜை வச்சா, புகை நாத்தம் தோல்ல ஏறிடும். பத்தவைக்கிற திரவம் ஊத்தியிருந்தா கேக்கவே வேண்டாம்.

கொட்டின பிறகு கம்பி வலையை வச்சு, மூடி போட்டு மூணு நிமிஷம் காய விடுங்க. சூடு பாக்க, கரி இருக்கிற பக்கம் வலைக்கு 10, 12 செ.மீ. மேல உள்ளங்கையைப் பிடிங்க. நாலஞ்சு விநாடி தாங்கினா மிதமான சூடு, அதுதான் வேணும். ரெண்டு விநாடியில கையை இழுத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் பொறுங்க.

இப்ப சாசேஜ். பாக்கெட்டுக்குள்ள இருக்கிற வழவழத் தண்ணி அப்படியே இருக்க வலையில வச்சா ஆவிதான் கிளம்பும், நிறம் வராது, ஒட்டவும் செய்யும். காகிதத் துண்டால நல்லா ஒத்தித் துடைங்க. காலிப் பக்கம் வச்சு மூடி போட்டு ஆறிலருந்து எட்டு நிமிஷம், நடுவுல ஒரு தடவை புரட்டினாப் போதும். தோல் இழுத்துக்கிட்டு மினுமினுன்னு ஆகும், தொட்டா கெட்டியா இருக்கும். அப்ப தணல் பக்கம் தள்ளி, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் சுத்து உருட்டி, ரெண்டு மூணு நிமிஷத்துல எடுத்திடுங்க.

18ஐயும் ஒவ்வொண்ணா உருட்டிட்டு இருந்தா முதல் சாசேஜ் கருகிடும், கடைசி சாசேஜ் வெளுப்பாவே நிக்கும். ஆறு சாசேஜை ரெண்டு விரல் இடைவெளில அடுக்கி, ரெண்டு முனைப் பக்கமும் குறுக்கால ஒவ்வொரு கம்பி குத்துங்க, ஏணிப் படி மாதிரி. மூணு ஏணி, மூணே புரட்டல். மூங்கில் குச்சின்னா அரை மணி தண்ணில ஊறணும். தட்டையான உலோகக் கம்பின்னா அந்த வேலையும் இல்ல, சாசேஜும் சுத்தாது. முனையில விழுற ரெண்டு ஓட்டையால சாறு போயிடும்னு பயப்பட வேண்டாம். அது பெரிய இழப்பில்ல. முள்கரண்டியால உடம்பெல்லாம் குத்திப் புரட்டுறதுதான் கெடுதல்.

வெடிப்பு: உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி, கொழுப்பு உருகி விரியும்போது தோல் தாங்காது. உருளையோட உள்ளழுத்தம் சுத்துவாக்குல இழுக்கிற விசை நீளவாக்குல இழுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. வெடிப்பு எப்பவும் நீளக் கோடா விழுறது அதனாலதான். சூடு மெதுவா ஏறினா வெடிக்காது. தோல்ல சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பி "உஸ்"ஸுனு சத்தம் வந்தா அதுதான் எச்சரிக்கை, உடனே காலிப் பக்கம் தள்ளிடுங்க. தீ குபுக்குன்னு எழுந்தாலும் அதே வேலைதான். தண்ணி தெளிக்காதீங்க, சாம்பல் பறந்து சாசேஜ் மேல ஒட்டும். மூடியைப் போட்டா காத்து இல்லாம தானே அடங்கிடும்.

கீறல் போடலாமான்னு கேப்பீங்க. தோலில்லாத வகைக்குப் போடலாம். அரை செ.மீ. ஆழத்துல சாய்வாக் கீறினா ஓரமெல்லாம் முறுகும், சாஸும் தங்கும். ஒரு பக்கம் மட்டும் கீறினா வில் மாதிரி வளையும், ரெண்டு பக்கமும் போடுங்க. இயற்கைக் குடல் தோல் போட்ட வகைன்னா கத்தியே வைக்காதீங்க. கடிக்கும்போது "டப்"புனு உடையணும்னுதானே கூடுதல் காசு குடுத்து அதை வாங்கறோம்.

சிறுதீ

தணல் சொன்ன முறையில் குறை இல்லை. ஆனால் 45 நிமிட நிறுத்தத்துக்கு அது பொருந்தாது. கரி கிரில்லில் நேரத்தைத் தின்பது பற்றவைப்பது மட்டுமல்ல, அணைப்பது. கணக்குப் பாருங்கள். பற்றவைத்துக் கொட்ட 18 நிமிடம், வலை காய மூன்று, சுட பத்து. 31ஆவது நிமிடத்தில்தான் முதல் பன் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் கரி நல்ல ஜோரில் இருக்கும். காற்றுத் துளைகளை மூடினாலும் முழுதாக அணைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சூட்டோடு வண்டியில் ஏற்றவே கூடாது. சாகும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கூடாரத்துக்குள், வண்டிக்குள், மழைக்கு ஒதுங்கிய தார்ப்பாய்க்கு அடியில், எங்கேயும் கரி அடுப்பு கூடாது.

அப்படியே கரிதான் என்றால், மூடியுள்ள உலோக வாளியில் நாலைந்து லிட்டர் தண்ணீர் தயாராக வையுங்கள். சுட்டு முடித்ததும் கரியை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். கிரில்லுக்குள் தண்ணீரை ஊற்றினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும், எனாமல் பூச்சும் விரிசல் விடும். கடற்கரையில் மணலில் புதைத்துவிட்டுப் போவது அதைவிட மோசம். மணல் மூடிய கரி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், வெறுங்காலோடு வருபவருக்குத் தெரியாது.

என் யோசனை: கரி கிரில்லை இரவு தங்கும் இடத்துக்கு ஒதுக்குங்கள். மதியத்துக்கு ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பும் மூடியுள்ள நாலு லிட்டர் பாத்திரமும் போதும். மூன்று லிட்டர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்க வையுங்கள். உப்பு எதற்கு என்றால், வெறும் தண்ணீரில் கிடக்கும் சாசேஜ் தன் உப்பையும் ருசியையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். கொதித்ததும் தீயை அணைத்து, 18 சாசேஜையும் போட்டு மூடி பத்து நிமிடம் விடுங்கள். ஒரு சாசேஜ் 50 கிராம் என்று வைத்தால் மொத்தம் 900 கிராம் குளிர்ந்த பொருள் உள்ளே போகிறது. தண்ணீர் 77, 78 டிகிரிக்கு இறங்கி நிற்கும். அந்தச் சூட்டில் தோல் வெடிக்காது, நடுப்பகுதியும் சூடேறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இதே வேலையைச் செய்தால் 60க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், நடுவில் வெதுவெதுப்புதான் மிஞ்சும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் வேகவிட்டால் நீளவாக்கில் பிளந்து, வெளுத்து, பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பிறகு துடைத்து, காய்ந்த இரும்புத் தவாவில் அல்லது வரி போட்ட கிரில் தட்டில் இரண்டு நிமிடம் உருட்டினால் நிறமும் முறுகலும் கிடைக்கும். 30 செ.மீ. தட்டில் ஒன்பது அடங்கும், இரண்டு சுற்று. ஆக மொத்தம் 25 நிமிடத்தில் எல்லார் தட்டிலும் விழுந்துவிடும்.

கேஸ் அடுப்பில் ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டில் கேஸ் கேன் செருகும் வகையில், தட்டு கேன் பெட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கனமான இரும்புத் தட்டின் சூடு கேனின் மேல் இறங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். காற்றுக்காக அடுப்பைச் சுற்றி ஃபாயில் கட்டுவதும் அதே ஆபத்துதான். காற்றடித்தால் வண்டியின் மறைவில் வையுங்கள், தள்ளி.

தணல்

தண்ணில போட்டு எடுத்தா சுட்ட வாசனை பாதிதான் வரும், அதை ஒத்துக்கணும். கொழுப்பு தணல்ல சொட்டி எழும்புற புகைதான் அந்த வாசனை. தவாவுல அது கிடையாது. ஆனா நேரக் கணக்கு நீங்க சொன்னதுதான் சரி. ராத்திரி கரி, மதியம் கேஸ். அப்படியே வச்சுக்கங்க.

கூலர்பெட்டி

ஐஸ் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாள் தாங்கும், ஆனால் ஒரே பெட்டியில் குளிர்பானமும் சாசேஜும் இருந்தால் தாங்காது. தாகமெடுக்கும் ஒவ்வொருவரும் மூடியைத் திறப்பார்கள். ஒவ்வொரு திறப்பிலும் குளிர்க்காற்று வெளியேறும். பானத்துக்கு மலிவான தனிப் பெட்டி ஒன்று. சாசேஜ் பெட்டி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் திறக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரவே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வையுங்கள். வெயிலில் கிடந்த பெட்டியில் நேரே ஐஸ் போட்டால், முதல் சில மணி நேரம் அந்த ஐஸ் பெட்டியின் சுவரைக் குளிர வைப்பதிலேயே கரையும். ஐஸும் சாமானும் எடையில் இரண்டுக்கு ஒன்று. கட்டி ஐஸ் மெதுவாகக் கரையும். ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் கழுத்து வரை விடாமல் தண்ணீர் நிரப்பி உறைய வைத்தால் அதுவே கட்டி ஐஸ், கரைந்த பிறகு குடிதண்ணீர். இடுக்குகளை நிரப்பத் துண்டு ஐஸ்.

முதல் நாள் பாக்கெட்டை ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுங்கள். மற்ற மூன்று நாளைக்கானதைத் தட்டையாக உறைய வைத்து, கடைசி நாளுக்கானது அடியில் இருக்கும்படி அடுக்குங்கள். அவையே ஐஸ் வேலையும் பார்க்கும், தன் பாட்டுக்கு வரிசையாக உருகியும் வரும். உருகாத சாசேஜைக் கிரில்லில் போட்டால் நீங்கள் கேட்ட அந்த ஜில் நடுப்பகுதி உறுதி. ஆகவே காலையில் கிளம்பும்போதே அன்றைய பாக்கெட்டை மேல் வரிசைக்கு மாற்றிவிடுங்கள். அப்போதும் உருகவில்லை என்றால் பிரிக்காத பாக்கெட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி அமிழ்த்தினால் போதும்.

பெட்டிக்குள் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மோமீட்டர் போடுங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். "தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது" என்பதெல்லாம் கணக்கில் சேராது, 10 டிகிரியும் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும். வெளியே எடுத்த சாசேஜ், சுட்டது ஆனாலும் சுடாதது ஆனாலும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கோடைப் பயணத்தில் எப்போதும் அந்த ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை டிக்கியில் வைக்காமல் ஏசி ஓடும் இருக்கைப் பக்கம் வைத்து, மேலே ஒரு போர்வை போட்டால் ஐஸ் வெகுநேரம் நிற்கும்.

கரைந்த தண்ணீரை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம். ஐஸ் மிதக்கும் வரை அது 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், காற்று இடைவெளியையும் அடைக்கும். நிபந்தனை: பாக்கெட் எதுவும் பிரிந்திருக்கக் கூடாது. பிரித்ததை ஜிப் பையில், காற்றை வெளியேற்றி, ஐஸுக்கு மேலே வையுங்கள். பிரிக்காத பாக்கெட் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும், பிரித்தால் ஒரு வாரம். பாக்கெட்டின் தேதி முந்தினால் அந்தத் தேதிதான். பாக்கெட் உப்பியிருந்தால், கைக்குப் பிசுபிசுவென்று நூல் இழுத்தால், தயக்கமே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

பெரியவரைப் பற்றிச் சொன்னீர்கள். வெந்த சாசேஜ்தானே என்று அவருக்கு அப்படியே கொடுக்கக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடும் ஹாட் டாக் 74 டிகிரியைத் தொட வேண்டும், ஆவி பறக்க இருக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்த்த இறைச்சி எவ்வளவு வெந்தாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். தெர்மோமீட்டரைப் பக்கவாட்டில் குத்தினால் முனை மறுபக்கம் வந்து தணலின் சூட்டைக் காட்டும். சாசேஜின் வால்முனையிலிருந்து நீளவாக்கில், நடு வரை செருகுங்கள். இருப்பதிலேயே தடியானதை ஒன்று பார்த்தால் போதும். பாக்கெட் தண்ணீர் வெங்காயத்திலோ பன்னிலோ சிந்தக் கூடாது. அவை சூடேறாமல் வாய்க்குப் போகிறவை.

வழிநடை

எல்லாருக்கும் நன்றி. மதியம் கேஸ், இரவு கரி என்று மாற்றிவிட்டோம். இன்னும் சில சந்தேகம். ஒரு நாள் மதியம் அடுப்பே பற்றவைக்க முடியாத இடம், நெருப்புக்குத் தடை. அன்றைக்கு பிளாஸ்கில் சூடாக எடுத்துப் போகலாமா? இரண்டாவது, கரி கிரில்லுக்குப் பதிலாக ஒருமுறை உபயோகித்து எறியும் அலுமினியத் தட்டு கிரில் வாங்கினால் இடம் மிச்சம், அது எப்படி? குழந்தை, சைவம், பன் மூன்றும் இன்னும் பாக்கி.

சிறுதீ

பிளாஸ்க் முடியும், வாய் அகன்ற வகையாக இருந்தால். ஒரு லிட்டர் பிளாஸ்குக்கு ஒன்பது சாசேஜ் என்று இரண்டு பிளாஸ்க். பிளாஸ்கைக் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் காய வைத்து, அதைக் கொட்டிவிடுங்கள். சாசேஜைத் தனியாக வெந்நீரில் போட்டு 75 டிகிரிக்குக் கொண்டு வந்த பிறகே உள்ளே அடுக்கி, புதிதாகக் கொதித்த உப்புத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். குளிர்ந்த சாசேஜின் மேல் கொதிநீர் ஊற்றினால் அரை லிட்டர் தண்ணீருக்கு அதைச் சூடேற்றச் சக்தி இல்லை, மொத்தமும் 65க்குப் பக்கத்தில் இறங்கி அங்கிருந்து இன்னும் ஆறும். 60க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லை. நல்ல பிளாஸ்கில் மூன்று மணி நேரத்துக்குப் பயமில்லை. திறக்கும்போது ஒரு முறை தெர்மோமீட்டர் வையுங்கள். சுட்ட நிறம் வராது. வேண்டுமென்றால் பிளாஸ்கில் போடும் முன் தவாவில் உருட்டிக்கொள்ளலாம், முறுகல் போய்விடும், வாசனை கொஞ்சம் நிற்கும்.

எறியும் தட்டு கிரில்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். 500 கிராம் கரிதான், வலைக்கும் கரிக்கும் இடையே மூன்று நாலு செ.மீ.கூட இருக்காது, மூடி கிடையாது, உயரத்தை மாற்றவும் முடியாது. கருகலுக்கென்றே செய்தது போல. வேறு வழியில்லை என்றால், தீச்சுவாலை அடங்கி 20 நிமிடம் ஆன பிறகு, வலையின் பாதியை இரட்டை ஃபாயிலால் மூடுங்கள். ஃபாயில் மேல் சூடேற்றி, திறந்த பாதியில் நிறம் கொடுக்கலாம். புல்லின் மேலோ மர மேசை மேலோ வைக்காமல் நாலு கல்லின் மேல் வையுங்கள், அடிப்பாகம் புல்லைக் கருக்கிவிடும். பல பூங்காக்களும் கடற்கரைகளும் இதைத் தடை செய்திருக்கின்றன, போகும் இடத்தின் விதியை முன்பே பாருங்கள். அணைக்கத் தண்ணீர் இதற்கும் வேண்டும், ஆறின பிறகுதான் குப்பைத் தொட்டி.

இடுக்கி

மீதி மூன்றுக்கும் நான்.

குழந்தை முதல்ல. மூணு வயசுக்கு சாசேஜை வட்ட வட்டமா நறுக்கிக் குடுக்கவே கூடாது. அந்த வட்டம் சின்னக் குழந்தையோட மூச்சுக் குழாயை மூடி போட்ட மாதிரி அடைக்கிற அளவு, அதுவும் வழவழன்னு, அமுங்கிப் பொருந்திக்கிற பண்டம். நாலு வயசு முடியுற வரைக்கும் நீளவாக்குல நாலாப் பிளந்து, அப்புறம் குறுக்கே ஒரு செ.மீ.க்கும் சின்னதா நறுக்குங்க. குடல் தோல் வகைன்னா தோலை உரிச்சிடுங்க. ஓடுற வண்டியில குடுக்காதீங்க, உக்கார வச்சு, பக்கத்துல ஆள் இருந்து.

சைவ சாசேஜ்ல பெரும்பாலும் கொழுப்பு குறைவு, அதனால தணல் மேல வெடிக்கிறதை விட வறண்டு தோல் மாதிரி ஆகிறதுதான் பிரச்சினை. எண்ணெய் லேசாத் தடவி, மிதமான தீயில ஆறேழு நிமிஷம். காலிப் பக்கம் ரொம்ப நேரம் மூடி வச்சா இன்னும் வறளும். சோயா, கோதுமைப் புரதத்துல செஞ்சது பலதும் வெந்நீர்ல ஊறிக் குழைஞ்சிடும், சிறுதீ சொன்ன பாத்திரத்துல போடாதீங்க, நேரா தவாதான். முதல்ல சைவத்தைச் சுட்டு எடுத்திடுங்க, அப்புறம் மத்தது. தட்டு சுத்தமா இருக்கும், தனி இடுக்கியும் எண்ணெய் பிரஷ்ஷும் வச்சிட்டா அவங்களுக்கும் நிம்மதி. கரி கிரில்லுன்னா வலையில ஒரு ஓரமா ஃபாயில் விரிச்சு அதுக்கு மேல.

உறைய வைக்காத பன்னை ஐஸ் பெட்டியில வைக்காதீங்க. ரொட்டி சீக்கிரமாக் காய்ஞ்சு விறைக்கிறது ஃப்ரிட்ஜ் குளிர்லதான். மாவுச்சத்து அந்தக் குளிர்ல வேகமா இறுகும். முதல் ரெண்டு நாளைக்கு வெளியே, கடினமான டப்பாவுல, நசுங்காம. மத்த ரெண்டு நாளைக்கு உறைய வச்சு சாசேஜ் பெட்டியோட அடியில, ரெண்டு ஜிப் பைக்குள்ள. பையில தண்ணி புகுந்தா கூழ்தான். கணக்கும் பாத்துக்கங்க: சாசேஜ் 10, பன் 8னு பாக்கெட் வந்தா 4 சாசேஜ் பாக்கெட்டுக்கு 5 பன் பாக்கெட், ரெண்டும் 40. நாலு நாளைக்கு 72 வேணும்னா 8 சாசேஜ் பாக்கெட், 9 பன் பாக்கெட். பன் சரியா முடியும், சாசேஜ் எட்டு மீறும். சைவ சாசேஜ் தனியா வாங்குறதால அதைக் கழிச்சுக்கங்க: ரெண்டு பேருக்கு நாலு நாள்னா 16. அப்ப கறி சாசேஜ் 56, ஆறு பாக்கெட்.

நமத்துப் போறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, சாசேஜ் மேல இருக்கிற ஈரம். ரெண்டு, சுட்டு ஃபாயில்ல சுத்தி வைக்கிறது. உள்ளேயே ஆவி தங்கிடும். பன்னோட உள்பக்கத்துல வெண்ணெய் மெல்லிசாத் தடவி, வெட்டுப் பக்கம் கீழா, 30லருந்து 45 விநாடி. நடுவுல பொன்னிறம் வந்ததும் எடுங்க. அந்தக் கொழுப்பும் முறுகின மேல்பரப்பும் சாறை உள்ளே விடாது. பன்னை வைக்கிற நேரம் சாசேஜ் எடுக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால. பன்னுக்குக் காத்திருக்கிற சாசேஜ் கெடாது, சாசேஜுக்குக் காத்திருக்கிற பன் கட்டையாயிடும்.

கெட்சப், பார்பிக்யூ சாஸ் எதையும் தீயில இருக்கும்போது தடவாதீங்க. சர்க்கரை இருக்கு, ஒரு நிமிஷத்துல கருகி வலையோட ஒட்டும். ஆசையா இருந்தா கடைசி 30 விநாடி. கடுகு சாஸ், கெட்சப் ரெண்டும் சின்னச் சின்னப் பொட்டலமா வாங்கினா ஐஸ் பெட்டியில இடம் அடைக்காது. மயோனைஸ் பாட்டில் திறந்துட்டா அது குளிர்லதான் இருக்கணும்.

வெங்காயம்: ரெண்டு பெரிய வெங்காயம் மெல்லிசா அரிஞ்சு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு, இரட்டை ஃபாயில்ல தட்டையாப் பொட்டலம் கட்டுங்க. ராத்திரி கரி கிரில்ல காலிப் பக்கம் மூடிக்குக் கீழ 20 நிமிஷம் போட்டா குழைஞ்சு இனிப்பேறிடும். ஆறினதும் ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு, மறுநாள் மதியம் தவாவுல ரெண்டு நிமிஷம் சூடு பண்ணினாப் போதும். காலையிலேயே வெங்காயம் அரிஞ்சு கண்ணைக் கசக்க வேண்டாம்.

ஒண்ணு மட்டும், வலை தேய்க்கிறதுக்கு இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். கம்பி உடைஞ்சு வலையில ஒட்டும், அங்கிருந்து சாசேஜ், அங்கிருந்து தொண்டை. ஃபாயிலை உருண்டையாக் கசக்கி இடுக்கியில பிடிச்சு சூடான வலையைத் தேய்ங்க, அப்புறம் எண்ணெய் நனைச்ச காகிதத் துண்டால ஒரு துடைப்பு.

வழிநடை

பூங்காவில் ஏற்கெனவே நட்டுவைத்த இரும்பு கிரில் இருந்தால்? அதற்கு மூடி இருக்காதே.

தணல்

ஃபாயில் ட்ரே ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, கவுத்துப் போட்டா அதுதான் மூடி. அந்த கிரில் வலை முந்தின ஆள் சுட்ட மிச்சத்தோட, துரு ஏறித்தான் இருக்கும். தணல் கொட்டி அஞ்சு நிமிஷம் காயவிட்டு, ஃபாயில் உருண்டையால தேய்ங்க. அப்பவும் மனசு ஒப்பலைன்னா ஃபாயில் விரிச்சு, அதுல கத்தி நுனியால பத்து பதினஞ்சு ஓட்டை. அந்தத் தொட்டி பெருசு, அடியில காத்து நிறையப் போகும். அதனால 25 கரி பத்தாது, 40 போடுங்க, எல்லாத்தையும் காத்து வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக் குவிங்க. காத்து வர்ற பக்கமே குவிச்சா சூடும் புகையும் காலிப் பக்கத்து மேல சாயும், ரெண்டு பக்கம் பிரிச்சதுக்கே அர்த்தம் இருக்காது. வலை உயரத்தை மாத்துற கைப்பிடி இருந்தா, முதல்ல மேல் படியில வச்சுத் தொடங்குங்க.